மேலேறும் மிதவை ஜாக்கெட்

புதுச்சேரியில் ஸ்கூபா போய்வந்த நம் பிள்ளைகள் பலருக்கும் ஒரே புகார்: மேலே வந்து காற்று நிரப்பியதும் மிதவை ஜாக்கெட் காதுவரை ஏறிவிடுகிறது.

தோள்பட்டையை இறுக்கினால் சரியாகாது, மூச்சுதான் முட்டும். முதலில் இடுப்புப் பட்டையைச் சரியாகப் பொருத்துங்கள். பிறகும் ஏறினால், முதுகுப்பகுதியின் அடியிலிருந்து கால்களுக்கிடையே 2 அங்குல நைலான் பட்டை கொண்டுவந்து முன்னால் மாட்டலாம். கோவணம் மாதிரிதான் இருக்கும், சிரிக்காதீர்கள்!

ஈயக் கட்டி கோத்த பெல்ட்டை அந்தப் பட்டைக்கு மேலேதான் கட்டவேண்டும். பட்டைக்குள் சிக்கினால், ஆபத்து நேரத்தில் பெல்ட்டைக் கழற்றிப் போட முடியாது. உயிர் விஷயம் இது. காற்றுப்பை மேல் தையல் ஊசி படவே கூடாது. வாடகை ஜாக்கெட் என்றால் கைவைக்காமல் வேறு அளவு கேளுங்கள். சொந்த ஜாக்கெட்டில் எதை மாற்றினாலும், பயிற்றுநரை அருகில் வைத்துக்கொண்டு முதலில் நீச்சல் குளத்தில் போட்டுப் பாருங்கள்.