வளைந்த கண்ணாடியைப் பெட்டியில் போடாதீங்க!

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



கடன், சேமிப்பு, தணிக்கை என்று எப்போதும் பேசுகிறோம். இன்று மூக்குக் கண்ணாடியைப் பற்றிப் பேசுவோம். சிரிக்காதீங்க, இதுவும் நம்ம கணக்கோடு சேர்ந்த விஷயம்தான்.

நாற்பது வயதைத் தாண்டினால் கிட்டத்து எழுத்து மங்குகிறது. வெள்ளெழுத்து என்கிறோம். கண்ணாடி வாங்குகிறோம். பேரப்பிள்ளை இழுத்து, தலையணைக்கு அடியில் நசுங்கி, அது வளைந்துவிடுகிறது. உடனே பெட்டிக்குள் போய்விடுகிறது. அப்புறம் தீர்மான நோட்டு வந்தால், "நீயே படிச்சுச் சொல்லும்மா" என்று சொல்லிக் கையெழுத்துப் போடுகிறோம். படிக்காமல் போடும் கையெழுத்துக்கும் கைநாட்டுக்கும் என்ன வித்தியாசம்?

வருமானமும் இதில் இருக்கிறது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த 751 தொழிலாளர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2018-ல் வெளியானது. கிட்டப் பார்வைக் கண்ணாடி கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களைவிட சுமார் 22 சதவீதம் கூடுதலாகப் பலன் கண்டார்கள். தையல், பூக்கட்டு, அரிசி புடைப்பது எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்தானே?

சரி, எப்படி நிமிர்த்துவது?

முதலில் காதில் மாட்டும் கம்பிகளை விரித்து, கண்ணாடியை மேசையில் தலைகீழாக வையுங்கள். ஆடினால் வளைவு இருக்கிறது. பிறகு மாட்டிக்கொண்டு முகம் பாருங்கள். எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கத்துக் கம்பியைக் கீழ்நோக்கி லேசாக வளைக்க வேண்டும். உயர்ந்திருந்தால் மேல்நோக்கி.

உலோக பிரேம் என்றால், கம்பி சேரும் இடத்தை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கொஞ்சம் கொஞ்சமாக வளையுங்கள். முன்னும் பின்னும் ஆட்டினால் ஒடிந்துவிடும். பிளாஸ்டிக் என்றால் கம்பியை மட்டும் கை பொறுக்கும் வெந்நீரில் அரை நிமிடம் வைத்து வளையுங்கள். அடுப்பில் காட்டவே கூடாது.

மூக்கிலிருந்து வழுக்கினால், மூக்கின் மேல் உட்காரும் இரண்டு சின்ன வில்லைகளையும் சற்று நெருக்குங்கள். அழுத்தித் தழும்பு விழுந்தால் சற்று விலக்குங்கள். திருகாணி தளர்ந்தால், வாட்ச் ரிப்பேர் ஸ்க்ரூடிரைவரால் வலப்பக்கம் திருப்பி இறுக்குங்கள்.

உடைந்ததை உடனே ஒட்டும் பசையால் ஒட்டாதீங்க. அதன் ஆவி பட்டால் கண்ணாடியில் வெள்ளை படியும். பிரேம் விரிசல் விட்டிருந்தாலோ, விளிம்பில்லாத கண்ணாடியாக இருந்தாலோ கடைக்குக் கொண்டுபோங்கள். நிமிர்த்திய பிறகும் எழுத்து மங்கலாகத் தெரிந்தால் அது பிரேம் கோளாறு அல்ல. கண் பரிசோதனை செய்ய வேண்டும்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரும்போது, வீட்டில் மூலையில் கிடக்கும் கண்ணாடிகளை எடுத்து வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து நிமிர்த்துவோம். அன்றைக்குத் தீர்மானத்தை ஒவ்வொருவரும் தாமே படித்துக் கையெழுத்திடுவோம்.