'பார்டர்தானே' என்று விட்டுவிடலாமா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)

கடன் விஷயமெல்லாம் தீர்மான நோட்டில் எழுதியாகிவிட்டது. இனி பத்து நிமிஷம் நம்ம உடம்பைப் பற்றிப் பேசுவோம்.

போன பரிசோதனை முகாமில் நாங்கள் ஒரு தவறு செய்தோம். அதை முதலில் சொல்லிவிடுகிறோம். வந்தவர்களை 'சுகர் உள்ளவர்', 'சுகர் இல்லாதவர்' என்று இரண்டே பட்டியலாக எழுதினோம். ஒரு அக்காவுக்கு வெறும் வயிற்றில் 118. சுகர் என்றால் 126 வரணுமே, இது பார்டர்தானே என்று 'இல்லாதவர்' பட்டியலில் சேர்த்து அனுப்பிவிட்டோம். நாலு மாதம் கழித்து வயலில் தலைசுற்றி விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் பிரஷர் 170/104. முகாமில் நாங்கள் பிரஷரே பார்க்கவில்லை, இடுப்பையும் அளக்கவில்லை.

வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை இருந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி பேர், இந்த முந்தைய நிலையில் இருப்பவர்கள் 13.6 கோடி பேர். வாசலில் நிற்கிற கூட்டம்தான் பெரிசு!

இதோடு தொப்பையும் பிரஷரும் ஏன் சேர்ந்து வருகிறது? வயிற்றுக் கொழுப்பு கூடினால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. உடம்பு இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கும். அது கூடும்போது சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்து வைக்கும், ரத்த அழுத்தம் ஏறும். மூன்றும் சேர்ந்தால் இருதயத்துக்கும் மூளைக்கும் ஆபத்து அதிகம். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருக்கணும். பிரஷர் 140/90 அல்லது அதற்கு மேல் இரண்டு மூன்று தடவை வந்தால் டாக்டரைப் பார்த்தே ஆகணும்.

"நாள் முழுக்க உழைக்கிறோம், எங்களுக்கு எப்படி எடை ஏறும்?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ராத்திரி பானையில் மிச்சமிருக்கிற சோற்றை வீணாக்கக் கூடாது என்று சாப்பிடுவது யார்? நாம்தான். தொட்டுக்க ஊறுகாய், அப்பளம், கருவாடு. ஒரு நாளைக்கு ஒருவருக்கு எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன் உப்புக்கு மேல் ஆகாது. இன்னொன்று, மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுகிற வலி மாத்திரையும் பிரஷரை ஏற்றும். இதை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை.

சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் இந்த முந்தைய நிலையில் இருந்தவர்களை வைத்து ஆய்வு செய்து 2006-ல் வெளியிட்டார்கள். வழக்கம்போல இருந்தவர்களில் மூன்று வருஷத்தில் நூற்றுக்கு 55 பேருக்கு சர்க்கரை நோய் வந்தது. சாப்பாட்டை மாற்றி, தினமும் நடந்தவர்களில் 39 பேருக்குத்தான். மாத்திரை இல்லாமலே இவ்வளவு வித்தியாசம். ஆனால் பிரஷருக்கு டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தால் 'இப்ப நல்லாத்தானே இருக்கேன்' என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

விழுந்த அக்கா பிறகு எங்களிடம் சொன்னது இது: தலைசுற்றல் முன்பே இருந்திருக்கிறது. "சீக்குக்காரின்னு தெரிஞ்சா குழுவுல கடன் குடுப்பாங்களா?" என்று பயந்து மறைத்திருக்கிறார். கேட்டதும் எங்களுக்குப் பேச்சே வரவில்லை. நம் விதிகளில் அப்படி ஒன்றுமே கிடையாது. ஆனாலும் அந்தப் பயம் இருக்கிறதே! ஆகவே நோயைக் காரணம் காட்டி யாருக்கும் கடன் மறுக்கக் கூடாது என்று ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வாருங்கள்.

அடுத்த மாதம் தையல் குழு அக்காமார் இஞ்ச் டேப் கொண்டு வருகிறார்கள். பிரஷர் பார்க்க நர்ஸம்மாவையும் அழைத்திருக்கிறோம். வந்ததும் ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்திருக்கணும், அதுதான் நமக்குக் கஷ்டம்! டீயை அதற்கு அப்புறம் குடிக்கலாம். 100-க்கு மேல் வந்தவர்களுக்கு இந்த முறை தனிப் பட்டியல் உண்டு.