அரங்கு என்பது யாது?

அரங்கு என்றதும் உங்கள் கண்முன் பெரியதொரு கட்டடம் தோன்றும். நான் வேறொன்றைக் கூற விழைகிறேன்.

சென்னைச் சங்கீத வித்வத் சபை 1928-இல் தோன்றியது. அதற்கெனத் தனி அரங்கு 1962-இல்தான் அமைந்தது. ஆயினும் இடைக்காலத்தில் அச்சபை அரும்பணி ஒன்று ஆற்றிற்று. தேவதாசியர் ஆடிய சதிரை ஒழிக்க வேண்டுமென்ற குரல் ஓங்கியிருந்த நாளில், 1931-இல், ஈ. கிருஷ்ண ஐயரின் முயற்சியால் கல்யாணி புதல்வியரை மேடையேற்றியது. பழிக்கப்பட்ட அக்கலை, பரதநாட்டியம் என்னும் பெயரில் தழைத்தது. ஆனால், அதனை வழிவழியாகக் காத்த மகளிருள் பலர் பையப்பைய மேடையினின்று மறைந்தனர்.

ஆகவே, இசையரங்கிற்கோ நாடக மன்றத்திற்கோ சென்றால், மேடையைக் கண்டு மகிழுங்கள். அங்கு இடம் பெறாதவர் யாவர் என்றும் எண்ணிப் பாருங்கள். இடமளிக்கும் நெஞ்சமே முதல் அரங்கு.