அடித்து வாங்கிய சொல்



எலவனாசூர்கோட்டையில் கூடியிருக்கும் நம்மில் பலருக்குச் சட்டப் புத்தகத்துக்கு முன்பே காவல் நிலையம் பழக்கம். ஆகவே இந்த நினைவுச் சொற்பொழிவில் ஒரே ஒரு விதியைப் பற்றிப் பேசுகிறோம்: போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்து ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது.

1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு இதைச் சொன்னது. இன்றைய புதிய சட்டத்திலும் அது இருக்கிறது. லாக்கப்பில் என்ன நடக்கும் என்பது வெள்ளைக்காரனுக்கும் தெரிந்திருந்தது.

இந்த வேலி இருந்தும், 1993இல் விருத்தாசலம் பக்கத்து முதனை ராஜாக்கண்ணு, நகைத் திருட்டு விசாரணையில் கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். அவர் மனைவி விடாமல் போராடினார். வழக்கறிஞராக இருந்த சந்துரு ஆட்கொணர்வு மனுவை நடத்தினார். போலீசார் தண்டனை பெற்றார்கள்.

வேலியையே பிடுங்கிவிட்டால்? நாட்டுக்கு ஆபத்து என்று சொல்லி, 1987ஆம் ஆண்டுத் தடா சட்டம் எஸ்.பி. பதிந்த வாக்குமூலம் செல்லும் என்றது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998இல் 26 பேருக்கும் தூக்கு. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம், தடா குற்றம் நிரூபணமாகவில்லை என்றது. 19 பேர் வெளியே வந்தார்கள். ஆனால் தடாவில் வாங்கிய வாக்குமூலங்கள் செல்லும் என்றது. பேரறிவாளனின் தூக்கு உறுதியானது. பேட்டரி எதற்கென்று தெரியாது என அவர் சொன்னதை எழுதாமல் விட்டதாக, பதிந்த அதிகாரியே 2013இல் சொன்னார். பேரறிவாளன் விடுதலையானது 2022 மே 18 அன்று.

‘குண்டு வெடிக்கப் போகிறது என்றால் அடித்தாவது கேட்க வேண்டாமா?’ என்பார்கள். அடிபடுகிறவன் அடிப்பவனுக்குப் பிடித்ததைத்தான் சொல்வான். உண்மைக் குற்றவாளி அங்கேதான் தப்புகிறான்.

1949 செப்டம்பர் 15 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் முன்வைத்த பிரிவுதான் இன்றைய 22. காரணம் சொல்ல வேண்டும், வக்கீல் வேண்டும், 24 மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். தடுப்புக் காவலுக்கான விலக்கும் அதிலேயே இருக்கிறது. குண்டர் சட்டம் அந்த வாசல் வழியாகத்தான் நம் பிள்ளைகளிடம் வருகிறது.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்திட்ட இந்தியா, இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை. அதைக் கேட்போம். அதுவரை, பிள்ளையை ஜீப்பில் ஏற்றினால் கைதுக் குறிப்பைக் கேளுங்கள். நேரத்தைக் குறித்து வையுங்கள். 24 மணி நேரக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.