கறுப்பு அங்கியின் விலை



சொல்லைத் தொழிலாகக் கொண்டோருள் கவிஞரும் உண்டு, வழக்கறிஞரும் உண்டு. கவிஞருக்குச் சொல் விலையின்றிக் கிடைக்கிறது. வழக்கறிஞருக்கோ மன்றத்தில் வாய் திறக்கும் உரிமைக்கே விலை உண்டு. அவ்விலை ஏறும்போது எவர் குரல் அடங்குகிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

சென்னை மீனவர் குடும்பத்தில் 1860இல் பிறந்த ம. சிங்காரவேலர் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1921இல் ஒத்துழையாமை இயக்கத்தின்போது அந்த அங்கியைத் துறந்தார். 1923இல் இந்நகரில் மே நாள் கொண்டாடினார். கடன் வாங்கி அங்கி அணிபவரால் அதை அவ்வளவு எளிதில் கழற்ற முடியுமா?

1891இல் தோன்றிய சென்னைச் சட்டக் கல்லூரி உயர் நீதிமன்றத்தை அடுத்தே இருந்தது. இராயபுரத்து மீனவர் பிள்ளைக்கும் திருவொற்றியூர், எண்ணூர் ஆலைத் தொழிலாளி பிள்ளைக்கும் அது எட்டும் தொலைவு. 2018இல் அக்கல்லூரி புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் மாற்றப்பட்டது. கட்டணம் ஏறாமலே செலவு ஏறியது. நெடும்பயணம், இல்லையேல் விடுதி வாசம். இடையே மாலை வேலைக்கு நேரமில்லை. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களிலோ ஆண்டுச் செலவு இலட்சங்களில். எளியவருக்கு அங்கே வாயில் வங்கிக் கடனே.

கல்விக் கடனுக்குப் பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கும். வட்டியோ படிக்கும்போதே வளரத் தொடங்கிவிடும். இளம் வழக்கறிஞரின் வருமானம் அத்தனை விரைவில் வளர்வதில்லை. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், இளையோருக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தது வழங்கப்பட வேண்டும் என்றது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம், பதிவுக் கட்டணம் 750 ரூபாயையும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாயையும் மீறலாகாது என்று தீர்ப்பளித்தது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம் விதித்த தொகைக்கு மேல் பல மாநிலங்களில் பல்லாயிரம் ரூபாய் பெறப்பட்டதே வழக்கின் காரணம்.

வாயில் சற்றே திறந்திருக்கிறது; கடன் மட்டும் தீரவில்லை. தவணை கட்ட வேண்டியவர் கூலிபெறாத ஒப்பந்தத் தொழிலாளியின் வழக்கை எடுப்பாரா, பெருநிறுவனத்தின் வேலையை நாடுவாரா? நாடினால் பழி அவர்மேல் இல்லை. எவர் பக்கம் நிற்பது என்பதை அவருக்கு முன்பே கடன் முடிவு செய்துவிடுகிறது.

கவிஞர் பெருமக்களே, துறைமுகத்தின் துயரைப் பாடுவோர் இவ்வட்டத்தில் பலர். அத்துயரை மன்றத்தில் வாதாட அங்கிருந்தே ஒருவர் எழ வேண்டும். அவர் கடனின்றி எழ வேண்டும்.