பட்டியலில் நம் பெயர் உள்ளதா?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)





2024 ஏப்ரல் 19 அன்று தமிழகத்தில் நாடாளுமன்றத் தேர்தல் நடைபெற்றது. அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆவிற்கு முன்பே வாக்களித்துவிட்டு வாருங்கள் என்று முந்தைய வாரமே மிம்பரில் நின்று கேட்டுக் கொண்டோம். அவ்வாறே சென்ற நம் மஹல்லாப் பெரியவர் ஒருவர், வாக்காளர் அட்டையைக் கையில் பிடித்தபடியே திரும்பி வந்து பள்ளித் திண்ணையில் அமர்ந்தார். "அட்டை இருக்கிறது ஹஜ்ரத், பட்டியலில்தான் பெயர் இல்லையாம்" என்றார். மகன் கட்டிய புதுவீட்டிற்கு அவர் குடிபெயர்ந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. முகவரி மாற்றத்திற்கு எவரும் எழுதிக் கொடுக்கவில்லை. வாக்களியுங்கள் என்ற நாமும், பட்டியலைப் பாருங்கள் என்று சொல்லவில்லை. அக்குறை நம்முடையதே.

அத்தேர்தலில் தமிழகத்தில் ஏறத்தாழ 69.7 விழுக்காடு வாக்குகள் பதிவாயின. எஞ்சியோர் அனைவரும் சோம்பேறிகள் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் அக்கணக்கு பட்டியலில் உள்ளோரை மட்டுமே கொண்டது. மரணித்தவரின் பெயர் நீக்கப்படாவிடில் அவர் வராதவராக எண்ணப்படுகிறார். உயிரோடு வந்து திரும்பிய அப்பெரியவரோ எந்தக் கணக்கிலும் இல்லை!

இத்துயரம் புதிதன்று. 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில், தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டுமே சொன்னதால் ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலில் இடம்பெறாமல் போயின. 2025 ஆகஸ்டில் பீகாரில் வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் விடுபட்டன. அப்பெயர்களைக் காரணத்துடன் வெளியிடுமாறு ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதே ஆண்டு டிசம்பர் 19 அன்று வெளியான தமிழக வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தோரும் இடம்பெயர்ந்தோரும் அவற்றுள் உண்டு. ஆயினும் அவரவர் பெயரை அவரவரே பார்த்தாலன்றி உண்மை தெரியாது.

அன்பிற்குரியவர்களே! அட்டை அடையாளம் மட்டுமே. உரிமையைத் தருவது பட்டியல். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றத்திற்கும் பிழை திருத்தத்திற்கும் படிவம் 8, மரணித்தோர் பெயரை நீக்கப் படிவம் 7. 17 வயது நிறைந்த பிள்ளைகள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். வேட்புமனுத் தாக்கலின் இறுதி நாளுக்குப் பின் எப்பெயரையும் சேர்க்க இயலாது. இரண்டு இடங்களில் பெயர் வைத்திருப்பதும், பொய்த்தகவல் தருவதும் சட்டப்படி குற்றம், மார்க்கப்படி பாவம்.

ஒரே மனிதர் ஓர் ஆவணத்தில் முஹம்மது, மற்றொன்றில் முகமது என்றிருப்பது நம் வீடுகளில் சாதாரணம். இதனையும் சீர்செய்வோம்.

சந்தாப் பதிவேட்டைக் கையிலெடுத்துத் தெருவிற்கு இரு இளைஞர்கள் வீடுவீடாகச் சென்று சரிபார்க்கட்டும். யாருக்கு வாக்களிப்பது என்பது அவரவர் விருப்பம். அதில் பள்ளிவாசல் தலையிடாது. ஆனால் இனியொரு முதியவர் அந்தத் திண்ணையில் வெறுங்கையோடு அமரக் கூடாது.

வல்ல ரஹ்மான் நம் முயற்சிக்கு அருள்புரிவானாக! ஆமீன்.