வருகைப் பதிவேட்டின் தமிழ்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தின் மேடையில் காப்பியத்தைப் பற்றியோ புதுக்கவிதையைப் பற்றியோ பேசுவதே வழக்கம். இவ்வுரைக்குப் பொருளாக அமைவது அத்தகைய நூல் எதுவும் இல்லை. கோடிட்ட தாளில் நீல மையாலும் சிவப்பு மையாலும் எழுதப்பெற்று, ஓராண்டு வாழ்ந்து, பின்னர் பீரோவின் அடித்தட்டில் கிடக்கும் ஒரு பதிவேடே இதன் பொருள். கன்னியாகுமரி, தூத்துக்குடி மாவட்டங்களின் கடற்கரைச் சிற்றூர்களில், பங்குக் கோயிலின் மதிலை ஒட்டி நிற்கும் கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளிகளின் வருகைப் பதிவேடு அது. அதனைத் தமிழ்ப் படிப்பாகப் படிக்கலாம் என்பதே இங்குச் சொல்லப்படுவது.

பள்ளியின் முகப்புப் பலகையில் ஒரு புனிதரின் பெயரும், 'ஆர்.சி. தொடக்கப்பள்ளி' என்பதும், அரசு நிதியுதவி பெறுவது என்பதும் முறையாக எழுதப்பட்டிருக்கும். ஊரார் வாயில் அது 'கோயில் பள்ளிக்கூடம்'. ஐந்து வகுப்புகள், பெரும்பாலும் இரண்டே ஆசிரியர்கள். தொடக்கப்பள்ளியில் பிள்ளைகள் அறுபது வரை இருந்தால் ஆசிரியர் இருவர் என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் வகுத்த அளவு. ஆகவே கீழ் வகுப்புகளை ஒருவரும் மேல் வகுப்புகளைத் தலைமையாசிரியரும் பகிர்ந்துகொள்வர். தலைமையாசிரியர் துறவற சபை ஒன்றைச் சேர்ந்த அருட்சகோதரியாக இருப்பதும் உண்டு. மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்லும்போது, அடுத்த வரிசையில் அமர்ந்திருக்கும் ஒன்றாம் வகுப்பும் அதனைக் கேட்டுக்கொண்டிருக்கும். பலர் ஏழாம் வாய்ப்பாட்டைக் கற்றது, அது தமக்குரிய பாடமாக வருவதற்கு ஈராண்டு முன்னரே.

காலை வழிபாடு முடிந்ததும் பெயர் கூப்பிடுவார்கள். 'உள்ளேன் டீச்சர்', 'உள்ளேன் சிஸ்டர்' என்று பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். இலக்கணம் பயின்றோர் 'உள்ளேன்' என்பதைக் குறிப்பு வினைமுற்று என்பர். காலம் காட்டாத வினை. ஐந்து வயதுக் குழந்தை ஓர் அவையில் எழுந்து நின்று கூறும் முதல் முழு வாக்கியம் அதுவே. அவ்வாக்கியத்தைப் பெற்றுத்தரும் பெயர்களோ தனியே ஆராயத்தக்கவை.

ஒரு தலைமுறைக்கு முந்திய பதிவேடு ஒன்றைப் புரட்டினால் இராயப்பன், சின்னப்பன், அருளப்பன், சூசை, இன்னாசி, சந்தியாகு, சவேரியார், தொம்மை, ஞானப்பிரகாசம், செபமாலை, வியாகுலம், அமலோற்பவம், ஆரோக்கியம் என்று பெயர்கள் ஓடும். இவற்றுட் சில ஒலிவழி வந்தவை. சந்தியாகு என்பது போர்த்துக்கீசியரின் 'சந்தியாகோ'. இன்னாசி என்பது இஞ்ஞாசியார். வேறு சில பொருள்வழி வந்தவை. பாறை எனப் பொருள்படும் பேதுருவின் பெயர் இராயப்பர் என்றாயிற்று. சிறியவர் எனப் பொருள்படும் பவுலின் பெயர் சின்னப்பர் என்றாயிற்று. யோவான் என்பதன் உள்ளுறை இறையருள். ஆதலின் அவர் அருளப்பர். மரியன்னையின் துயரங்களை நினைந்து சூட்டிய பெயர் வியாகுலம். அவள் மாசின்றிக் கருவுற்றுப் பிறந்ததை நினைந்து சூட்டியது அமலோற்பவம். இம்மொழிபெயர்ப்புகளைச் செய்தோர் பெயரும் அறியப்படாத உபதேசியார்களும் குருக்களுமாக இருக்கலாம். ஆனால் அவர்கள் செய்தது பாவலர் வேலை. அயல்மொழிப் பெயரின் பொருளை அறிந்து, அதற்கு நிகரான தமிழ்ச் சொல் தேடி, அதனை ஒரு குழந்தையை அழைக்கத்தக்க அளவுக்குச் சுருக்கித் தந்திருக்கிறார்கள். சின்னப்பன் என்ற பெயரைக் காட்டிலும் வீட்டுக்குள் எளிதாகப் புழங்கும் பெயர் எது?

1995ஆம் ஆண்டு வெளிவந்த பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியத்தில் அருளப்பர் மீண்டும் யோவான் ஆனார். இராயப்பர் பேதுருவும் சின்னப்பர் பவுலும் ஆனார்கள். கிறித்தவச் சபைகள் பலவும் கூடி ஒரே பாடத்தை ஏற்பதற்கு அது தேவையாக இருந்தது. அதனைக் குறைகூற இடமில்லை. எனினும் அதனால் நேர்ந்தது ஒன்று உண்டு. ஞாயிற்றுத் திருப்பலியில் 'யோவான் எழுதிய நற்செய்தி' என்று வாசிக்கக் கேட்கும் அருளப்பனின் பேரன், அது தன் பாட்டனுக்குப் பெயர் தந்தவரின் நூல் என்பதை அறியான். அறிவிப்பாரும் இலர். பழைய வருகைப் பதிவேடு ஒன்றே இன்று அவ்விரு பெயர்களுக்கும் இடையில் பாலமாகக் கிடக்கிறது.

பெயர் கூப்பிட்டு முடிந்தபின் செய்தி. கரும்பலகையின் மூலையில் நாள், கிழமை, பதிவு எண்ணிக்கை, வருகை எண்ணிக்கை, ஒரு குறள், ஒரு செய்தி ஆகியவை எழுதப்படும். செய்தியை நாளேட்டிலிருந்து எடுத்தெழுத வேண்டும் என்பது முறை. ஆனால் சிறிய பள்ளியில் நாளேடு வருவதற்கு முன்பே ஊர்ச்செய்தி வந்துவிடும். எவர் வீட்டில் ஓலை வாசித்தாயிற்று, எவருடைய வள்ளம் இன்னும் கரை சேரவில்லை, இவ்வாண்டுப் புதுநன்மைக்கு எத்தனை பிள்ளைகள், கொடியேற்றத்துக்கு எத்தனை நாள் என்பனவெல்லாம் பிள்ளைகளின் வாய்வழியே வகுப்பில் நுழையும். திருமண அறிவிப்பை மூன்று ஞாயிறு கோயிலில் படிப்பதற்கு 'ஓலை வாசித்தல்' என்பதே இன்றும் கத்தோலிக்கர் வழக்கு. ஓலைச்சுவடி போய், தாள் போய், கணிப்பொறி அச்சும் வந்துவிட்டது. அறிவிப்பின் பெயர் மட்டும் ஓலையாகவே இருக்கிறது. நல்ல ஆசிரியர் இச்செய்திகளைத் தடுப்பதில்லை. 'யார், எங்கே, எப்போது என்று சொல்' என்று கேட்டு அவற்றை வாக்கியமாக்குவார். மற்றொருவரின் வாழ்வைப் பற்றி, அவரும் கேட்கக்கூடும் என்ற அடக்கத்தோடு பேசும் பழக்கம் அங்கே தொடங்குகிறது.

கோயில் மணியும் ஒரு செய்தியாளர். நண்பகல் மூவேளைச் செபமணி சோற்றுக்கு நேரமாயிற்று என்று சொல்லும். இடைநேரத்தில் விட்டுவிட்டு ஒலித்தால் அது துக்க மணி. ஆசிரியர் சொல்வதற்கு முன்பே வகுப்பு அடங்கிவிடும்.

வருகைக் குறிகளே கடலின் நாட்குறிப்பு எனலாம். கரமடி இழுக்கும் காலையில் மீன்பாடு மிகுந்தால் மேல் வகுப்புப் பையன்களின் கட்டங்களில் சிவப்பு மை மிகும். திருவிழா நாட்களில், விடுமுறை இல்லாவிடினும், பதிவேடு வெறுமையாகும். ஆய்வுக்கு வரும் அதிகாரிக்கு அது ஒழுங்கீனம். ஊரை அறிந்தவருக்கு அது மீன்பாட்டுக் கணக்கு.

பள்ளிக்கும் செய்திக்கும் உள்ள இவ்வுறவு நேற்று வந்ததன்று. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிசு சவேரியார், 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில், கையில் மணியோடு ஊரைச் சுற்றிப் பிள்ளைகளைத் திரட்டியதையும், தமிழில் பெயர்த்த மன்றாட்டுகளைக் கற்பித்ததையும் கூறுகிறார். நோயுற்றோர் அழைக்கும்போது தாம் செல்ல இயலாத வீடுகளுக்கு அப்பிள்ளைகளையே அனுப்பியதாகவும் எழுதுகிறார். பின்னர் 1578இல் கொல்லத்தில் அண்டிரீக்கு அடிகளார் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கங்கள் கொண்டது. அடுத்த ஆண்டு கொச்சியில் அச்சான 'கிரீசித்தியானி வணக்கம்' ஆசிரியர் வினவ மாணாக்கர் விடைகூறும் முறையில் அமைந்தது. தமிழ் அச்சின் தொடக்கத்திலேயே ஒரு வகுப்பறை இருந்திருக்கிறது என்பதைப் பாவலர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இவ்வளவும் புகழாரமாகவே முடிந்துவிடுமானால் அது நேர்மையாகாது. பதிவேட்டில் பெயருக்கு அடுத்த பத்தியில் வேறொன்றும் எழுதப்பட்டது, அது சாதி. ஒரே திருமுழுக்குத் தண்ணீர் பெற்ற பிள்ளைகளைத் தனித்தனியே அடையாளம் காட்டும் பழக்கம் கோயிலில் இருந்தது; பள்ளிக்குள்ளும் வந்தது. 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' அதனை மறைக்காமல் எழுதியது. விளையாட்டில் ஒரு தேங்காய் விழுந்ததற்காகச் சாதியைச் சொல்லிப் பழிக்கப்பட்டுப் பள்ளி வாயிலில் நிறுத்தப்படும் சிறுமியின் நிலையை அந்நூலில் காணலாம். பெயர் கூப்பிடும் குரல் எல்லாப் பெயர்களையும் ஒரே சுருதியில் கூப்பிட்டதா என்ற கேள்வியை அந்நூல் எழுப்பியது. அதற்கு விடை பதிவேட்டில் இல்லை. அது குரலைப் பதிவு செய்வதில்லை.

இனி, பதிவேடு தன் வேலையை முழுதாகச் செய்த இரு தருணங்கள்.

2004 திசம்பர் 26, ஞாயிறு. கிறித்துமசுக்கு மறுநாள், அரையாண்டு விடுமுறைக் காலம். கொட்டில்பாடு, குளச்சல், மணக்குடி ஆகிய குமரிக் கடற்கரை ஊர்களை ஆழிப்பேரலை தாக்கியது. இறந்தோரில் சிறார் பலர். விடுமுறைக்குப் பின் அந்த ஊர்களில் பள்ளி மீண்டும் கூடியபோது ஆசிரியர்முன் கிடந்தது திசம்பர்ப் பக்கத்தில் இருந்த அதே பெயர் வரிசை. 'உள்ளேன்' என்ற விடை வாராத பெயர்களை என்செய்வது? கூப்பிட்டால் வகுப்பு அழும். கூப்பிடாமல் தாண்டினால் அந்த இடைவெளியை அடுத்த பெயருக்குரிய பிள்ளை உணரும். தன் முறை விரைவில் வந்துவிட்டதை அறியும். நீக்கல் குறி இடுவதற்கு விதி உண்டு. எந்த நாளில், எந்தக் குரலில் என்பதற்கு விதி இல்லை.

2017 நவம்பர் 29, 30 ஆகிய நாட்களில் வீசிய ஒக்கிப் புயலில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களின் ஆழ்கடல் மீனவர் பலர் திரும்பவில்லை. பலரின் உடலும் கிடைக்கவில்லை. இம்முறை பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள். பதிவேட்டில் சிக்கலானது தந்தையின் பெயர். அதற்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்ற சொல்லை எழுதுவதா, வேண்டாமா? அரசுக்குச் சான்று வேண்டும். வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஒரு சொல்லை எழுதாமல் காத்திருப்பதும் எழுத்துப் பணியே என்பதைக் கவிஞர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

சோற்றைப் பற்றியும் ஒரு சொல். காமராசர் காலத்து மதிய உணவும், 1982 சூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும் இப்பள்ளிகளின் பதிவேட்டை நிரப்பின. 2022இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2024 சூலை 15 அன்று ஊரகப் பகுதிகளின் நிதியுதவி பெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்தது. அவ்விரிவு தொடங்கியது திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில், புனித அன்னாளின் பெயர் தாங்கிய பள்ளியில். பசியோடு 'உள்ளேன்' என்று சொல்வதும் உண்டபின் சொல்வதும் ஒன்றல்ல.

ஆயினும் பதிவேட்டின் பெயர்கள் குறைந்து வருகின்றன. பிறப்பு குறைந்தது; வசதி வந்ததும் பெற்றோர் வேனில் ஏற்றி ஆங்கிலவழிப் பள்ளிக்கு அனுப்புகின்றனர்; கடலில் ஈட்டியதைக் கொண்டு நகரத்தில் வீடு எடுப்போரும் உளர். ஆசிரியர் ஓய்வு பெற்றால் அவ்விடம் நிரம்புவதற்குள் பிள்ளைகள் மேலும் குறைவர். பெற்றோரைப் பழிப்பது எளிது. தம் பிள்ளை கடலுக்குப் போகவேண்டாம் என்று எண்ணும் தாயிடம் தமிழ்ப்பற்றைப் பேசுவது அறமாகாது. பள்ளிகள் சில மூடப்படலாம், சில இணைக்கப்படலாம். அப்போது சேர்க்கைப் பதிவேடு சான்றிதழ்த் தேவைக்காகக் காக்கப்படும். வருகைப் பதிவேட்டுக்கு அந்தக் காப்பு இல்லை. கரமடி நாட்களின் சிவப்பு மையும், திருவிழாவின் வெறுங்கட்டங்களும், நீக்கல் குறி இடப்பட்ட நாளும் சேர்க்கைப் பதிவேட்டில் இல்லை.

பத்தாண்டுகள் கூடிக் கவிதை படித்த வட்டத்திடம் ஒரு வேண்டுகோள் வைக்கத் தகும். உறுப்பினர் ஒவ்வொருவரும் தாம் படித்த தொடக்கப்பள்ளிக்குச் செல்லலாம். ஊரார் இசைவோடு, பழைய பெயர்களையும் அவை வந்த வழியையும் குறித்துவரலாம். முதியோரிடம் கேட்டால், எந்தப் பெயர் எந்தப் புனிதருடையது என்பதைச் சொல்வதற்கு இன்னும் ஆள் உண்டு. சூன் மாதம் பள்ளி திறக்கும்போது புதிய பதிவேடு மேசைக்கு வரும். பழையவற்றுள் சில பழைய தாள் வாங்குவோரிடம் போகும். ஏப்பிரல் இறுதிக்குள் தலைமையாசிரியரைப் பார்ப்பது நல்லது. மே மாதம் முழுதும் பீரோ பூட்டியே இருக்கும்.